தொட்டால் சரியாகிவிடும் மிஸ்ஸிங்: எம்எக்ஸ்-5 ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5, மூன்றாம் தலைமுறை. 2008ஆம் ஆண்டு, 2.0 லிட்டர் இன்ஜின், ஆறு கியர் மேனுவல். உரிமையாளர் மலேசியாவின் கிள்ளான்காரர், முப்பது வயதைத் தொடாதவர். வார இறுதியில் மலைச் சாலை ஓட்டுவதற்காகவே வாங்கியிருக்கிறார். புகார் மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் இன்ஜின் தடுமாறுவது: "ஏறும்போது மிஸ் அடிக்குதுண்ணே. கொஞ்ச நேரத்துல அதுவாவே சரியாயிடுது."

வண்டியோடு ஒரு பிளாஸ்டிக் பையும் வந்தது. உள்ளே கழற்றிய ஸ்பார்க் பிளக் நான்கு, பிளக்கில் பொறி பாய உயர் வோல்ட் தரும் இக்னிஷன் காயில் நான்கு, அவையும் கழற்றியவை. முன்பு பார்த்த ஒர்க்‌ஷாப்பில் முதலில் பிளக் மாற்றியிருக்கிறார்கள். அப்புறம் ஒரே ஒரு காயில், கடைசியில் மிச்சமிருந்த மூன்றும். இடையில் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தமும் செய்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் வண்டி சரியாகிக் கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியிருக்கிறது, பிறகு மறுபடி ஆரம்பித்திருக்கிறது. ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கைவிட்டுப் போன பிறகு, "இனி கம்ப்யூட்டர் பெட்டிதான் மாத்தணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதன் விலையைக் கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்தார்.

பழைய சாமானைக் குப்பையில் போடாமல் கையில் கொடுத்து அனுப்பியதற்கு அந்த ஒர்க்‌ஷாப்பைப் பாராட்டத்தான் வேண்டும். இந்த வழக்கில் அந்தப் பை பிறகு நன்றாகவே உதவியது.

ஓட்டுபவர் சொன்னது

விட்டு விட்டு வரும் பழுது என்றால், பானெட்டைத் திறக்கும் முன் ஓட்டுபவரை உட்கார வைத்துப் பேசிவிடுவது நல்லது.

"முதல்ல எப்ப ஆரம்பிச்சது தம்பி?"

"போன வருசக் கடைசியிலண்ணே. மழை நாள்ல காலையில எடுத்தா குலுங்கும். கொஞ்ச தூரம் போனா சரியாயிடும்."

"இப்பவும் காலையிலயா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்ல... இப்ப காலையில ஒண்ணும் இல்ல. நல்லா சூடான பிறகுதான் வருது. மேட்டுல, கியர் குறைக்காம அழுத்தினா."

ஆரம்பத்தில் குளிரும் ஈரமும். இப்போது சூடும் சுமையும். அவரைக் கேட்டால் இரண்டுமே "அதே பிரச்சினை". முன்பு பார்த்தவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் வரும் நேரமும் சூழ்நிலையும் இப்படித் தலைகீழாக மாறினால், ஒரு பழுது போய் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட இடமுண்டு.

பையில் இருந்த பிளக்குகள் இந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்த்தன. நான்கிலும் முனை தேய்ந்து இடைவெளி விரிந்திருந்தது. இரண்டாவது சிலிண்டருடையது என்று பேனாவால் எழுதியிருந்த பிளக்கில், வெள்ளைப் பீங்கானின் மேல் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று நெடுக ஓடியது. பொறி முனையில் குதிக்காமல் பீங்கானின் வெளிப்புறமாகவே ஓடி இன்ஜின் உடம்பில் இறங்கியதன் தடம் அது. இடைவெளி விரியும்போது பொறி பாய அதிக வோல்ட் வேண்டும், அந்த வோல்ட் சுலபமான வழியைத் தேடும். ஈரக் காற்றில் அந்த வழி இன்னும் சுலபம். மழைக் காலையில் வண்டி குலுங்கியதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. ஆக முதல் வைத்தியம் சரியான வைத்தியம்தான். பிளக் மாற்றியதோடு அந்தப் பழுது தீர்ந்துவிட்டது. இப்போது இருப்பது வேறு.

ஸ்கேனர் சொன்னது

இன்ஜின் விளக்கு எரியவில்லை, கம்ப்யூட்டரில் 'கோடு' என்னும் பழுதுக் குறியீடும் பதிவாகவில்லை. முன்பு ஒருமுறை பி 0302, அதாவது இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் வந்து, அதை அழித்துவிட்டிருக்கிறார்கள். கோடு இல்லையென்றால் மிஸ்ஸிங் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு மிஸ்ஸையும் எண்ணுகிறது. கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகம் எந்தச் சிலிண்டரின் முறையில் தடுமாறுகிறது என்று பார்த்துத்தான் எண்ணுகிறது. ஆனால் உடனே விளக்கைப் போடாது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட் வெந்துவிடும் அளவுக்கு மோசமா என்பதை 200 சுற்றுக்கு ஒருமுறையும், புகை அளவு கெடும் அளவா என்பதை 1000 சுற்றுக்கு ஒருமுறையும் கணக்குப் பார்க்கிறது. மேட்டில் நாலைந்து விநாடி தடுமாறிவிட்டு நின்றுபோகும் மிஸ்ஸிங் அந்த வரம்பைத் தாண்டாமலே தப்பிவிடலாம்.

அந்த எண்ணிக்கை மோட் 06 என்ற பக்கத்தில் கிடைக்கும். ஓரளவு நல்ல ஸ்கேனர் எதுவும் அதைக் காட்டும், பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அங்கே சிலிண்டர் வாரியாக, ஓடிக்கொண்டிருக்கும் பயணத்தின் எண்ணிக்கையும் கடைசிப் பத்துப் பயணங்களின் சராசரியும் இருக்கும். ஒன்று, மூன்று, நான்கு ஆகிய சிலிண்டர்களில் பூஜ்யம். இரண்டில் மட்டும் சராசரி ஏறியிருந்தது. நான்கு சிலிண்டருக்கும் பொதுவான பெட்ரோல் அழுத்தம், காற்று அளக்கும் சென்சார், பெட்ரோலின் தரம் எல்லாம் இந்த ஒரு பக்கத்தைப் பார்த்ததுமே பட்டியலின் அடிக்குப் போய்விட்டன.

இன்ஜெக்டரை ஏன் சுத்தம் செய்தார்கள் என்பதும் இங்கே புரிந்தது. மிஸ் அடிக்கும்போது ஸ்கேனரில் பெட்ரோல் திருத்தம் கூட்டல் பக்கம் போகும், 'கலவை வறண்டிருக்கிறது' என்பதுபோலக் காட்டும். உண்மையில் எரியாத சிலிண்டர் தன் பங்குக் காற்றை அப்படியே புகைக்குழாயில் தள்ளுகிறது. அங்கே இருக்கும் சென்சாருக்கு ஆக்சிஜன் மட்டும்தான் கண்ணில் படும், கூடவே வெளியேறும் பெட்ரோல் படாது. அதனால் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்கிறது. மிஸ்ஸின் விளைவைக் காரணம் என்று எடுத்துக்கொண்டால் நேராக இன்ஜெக்டரில் போய்த்தான் நிற்போம்.

ஏன் எதையும் கழற்றவில்லை

வழக்கமாக அடுத்த வேலை காயிலை இடம் மாற்றிப் பார்ப்பது. இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றில் போட்டு, மிஸ்ஸும் மூன்றுக்குப் போனால் காயில் குற்றவாளி. எந்நேரமும் இருக்கும் பழுதுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது, செலவும் இல்லை. இந்த வண்டிக்கும் செய்திருக்கிறார்கள். மாற்றிப் போட்டதும் மிஸ்ஸிங் எங்கேயும் போகவில்லை, ஒரேயடியாகக் காணாமல் போனது. அதைப் பார்த்துக் காயிலின் மேல் பழி போட்டார்கள்.

என்னை நிறுத்தியது இந்த இடம்தான். பிளக் மாற்றக் காயிலை எடுக்க வேண்டும். காயிலை எடுக்க அதன் சாக்கெட்டைப் பிடுங்க வேண்டும். இன்ஜெக்டரைக் கழற்றும்போதும், மேலே ஓடும் வயரிங்கை ஒதுக்குவதற்காகக் காயில் சாக்கெட்டுகளைப் பிடுங்கிவிடுவது வழக்கம். இதுவரை செய்த வேலைகள் வேறுவேறு. எல்லாவற்றிலும் பொதுவாக நடந்தது ஒன்றே ஒன்று: இரண்டாவது காயிலின் சாக்கெட்டைப் பிடுங்கி மறுபடி மாட்டியது. ஒவ்வொரு தடவையும் வண்டி கொஞ்ச நாள் சரியானதும் அதற்குப் பிறகுதான்.

ஆகவே அந்தச் சாக்கெட்டில் கை வைக்காமல், அளக்க முடிந்ததையெல்லாம் முதலில் அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒருமுறை பிடுங்கினால் அடுத்த பத்து நாளைக்குப் பழுது ஒளிந்துகொள்ளும்.

கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியா என்று பார்க்கவும் பிளக்கைக் கழற்ற வேண்டுமே என்றால், வேண்டாம். பெட்ரோல் பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு, பேட்டரிக் கம்பியில் கரண்ட் கிளாம்ப் (கம்பியைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளப்பது) மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டர் அழுத்தும்போதும் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் ஏறி இறங்குவது, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் தெரியும். மேடுகள் நான்கும் சம உயரம். இன்டேக்கில் புகை விட்டுப் பார்த்ததில் கசிவு இல்லை. இரண்டாவது இன்ஜெக்டரின் மின் அலையும் மற்றவற்றைப் போலத்தான் இருந்தது.

காயிலுக்கு வருவோம். இந்த வண்டியில் பிளக்குக்கு ஒரு காயில், அதன் தலையிலேயே சுவிட்ச் வேலை பார்க்கும் சர்க்யூட்டும் உண்டு. மூன்று கம்பிகள்: பவர், எர்த், கம்ப்யூட்டரிலிருந்து வரும் சிக்னல். சாக்கெட்டின் பின்பக்கமாக, கம்பி நுழையும் இடத்தில் மெல்லிய ஊசியைச் செருகிப் பவரைப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட், ஆடாமல் நின்றது. எர்த் சரி, சிக்னலும் சரி. மீட்டரோடு நிறுத்தியிருந்தால் 'வயரிங் நன்றாக இருக்கிறது' என்று எழுதி முடித்திருக்கலாம்.

காராக் நெடுஞ்சாலை

பழுதை நாம் கூப்பிட்டால் வர வைக்க வேண்டும். அதற்குக் கோம்பாக் டோலைத் தாண்டிக் கெந்திங் செம்பா சுரங்கம் வரை ஏறும் காராக் நெடுஞ்சாலை வசதியான இடம். நீளமான ஏற்றம். நான்காவது கியரில் 2500 சுற்றில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தலாம். ரெட்லைனுக்கு விரட்டினால்தான் இக்னிஷன் சிரமப்படும் என்று ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்கள் பலர் நினைக்கிறார்கள். பொறிக்கு மிகக் கஷ்டமான நேரம், சிலிண்டருக்குள் காற்று நிறைய அடைந்து அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நேரம்தான். அழுத்தம் கூடக்கூட அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவை. முழு ஆக்சிலேட்டர், நடுத்தரச் சுற்று, உயர்ந்த கியர் என்றால் அது கிடைத்துவிடும். இந்த இன்ஜினின் கம்ப்ரெஷன் விகிதம் 10.8, அந்த நிலையில் பொறியை நன்றாகவே சோதிக்கும்.

காயில்கள் நான்குக்கும் பவர் கொண்டுபோகும் பொதுக் கம்பியில் சின்னக் கரண்ட் கிளாம்ப். முதல் சிலிண்டரின் சிக்னல் கம்பியில் இன்னொரு சேனல். இரண்டாவது காயிலின் பவர் கம்பியில், பின்பக்கமாகவே, மூன்றாவது சேனல். தம்பி ஓட்ட, மடியில் லேப்டாப்போடு நான் பக்கத்தில். அந்த வண்டியில் மடியைத் தவிர லேப்டாப் வைக்க வேறு இடமும் கிடையாது.

ஏற்றத்தின் முதல் பாதியில் ஒன்றும் இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, சுரங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், "இந்தா வருது" என்று அவர் சொல்வதற்கும் திரையில் அலை மாறுவதற்கும் சரியாக இருந்தது.

காயிலில் கரண்ட் ஏறுவது சாய்ந்த கோடாகத் தெரியும். சிக்னல் கிடைத்ததும் ஏறத் தொடங்கி, உச்சத்தில் சட்டென்று அறுபடும், அறுபடும் கணத்தில்தான் பொறி. 2500 சுற்றில் இந்தச் சாய்வுகள் 12 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக வரும். மூன்று சாய்வுகள் ஏழு ஆம்பியர் அருகே போய் அறுந்தன. நான்காவது மட்டும் பாதி வழியில் வளைந்து, நான்கு ஆம்பியர்கூடத் தொடாமல் படுத்துவிட்டது. திரும்ப மூன்று நல்லவை, ஒரு மொட்டை. முதல் சிலிண்டரிலிருந்து எண்ணினால் நான்காவது என்றதும், அவசரத்தில் நான்காவது சிலிண்டர் என்று சொல்லத் தோன்றும். பொறி விழும் வரிசை 1-3-4-2. நான்காவதாக வருவது இரண்டாவது சிலிண்டர். மோட் 06 சொன்னதும் அதைத்தான்.

காயிலில் சேரும் சக்தி கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஏழுக்குப் பதில் நான்கு என்றால் சக்தி மூன்றில் ஒரு பங்கு. சமதரையில் மெதுவாகப் போகும்போது அந்த மூன்றில் ஒரு பங்கே தாராளம். அதனால்தான் ஊருக்குள் வண்டி ஒழுங்காக ஓடியது.

மூன்றாவது சேனலைப் பார்த்தால், அதே நேரத்தில் பவர் கம்பியில் 14 வோல்ட் அப்படியே இருக்கிறது. கம்பி வரை வோல்ட் வருகிறது, காயிலுக்குள் கரண்ட் போகவில்லை. சாய்வு வளைந்து படுப்பது வழியில் எதிர்ப்பு சேர்ந்திருப்பதன் அடையாளம். கம்பிக்கும் காயிலுக்கும் நடுவே இருப்பது ஒன்றுதான்: சாக்கெட்டுக்குள் பெண் டெர்மினலும் காயிலின் ஆண் பின்னும் தொடும் இடம். பின்பக்கம் ஊசி வைத்துப் பார்த்தால் இந்த இடத்துக்கு முன்னாலேயே அளந்துவிடுகிறோம், அதனால் எப்போதும் நல்ல கணக்கே வரும். கம்ப்யூட்டரும் இதில் உதவாது. பேட்டரி வோல்ட் குறைந்தால் காயிலுக்கு அதிக நேரம் கொடுக்கும், ஆனால் அது பார்ப்பது தன்னிடம் வரும் வோல்ட்டை. ஒரு பின்னில் தொலைவது அதற்குத் தெரியாது.

சாக்கெட்டுக்குள்

சூடு ஆறுவதற்குள் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினோம். இன்ஜினை ஓடவிட்டு, பிளாஸ்டிக் குச்சியால் இரண்டாவது காயில் சாக்கெட்டைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளியதும் திரையில் அதே மொட்டைச் சாய்வு. விட்டால் சரியாகிறது, தள்ளினால் படுக்கிறது. மற்ற மூன்றையும் அப்படியே தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. அதற்குப் பிறகுதான் சாக்கெட்டைக் கழற்றினேன்.

பையில் இருந்த பழைய காயிலுக்கு இங்கே வேலை வந்தது. ஒன்றின் தலையை உடைத்து அதன் ஆண் பின்னை வெளியே எடுத்தேன். அசல் அளவு, அசல் தடிமன். அதை ஒவ்வொரு பெண் டெர்மினலிலும் செருகி இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல டெர்மினல் பின்னைக் கவ்வும், இழுக்கும்போது பிடி தெரியும். இரண்டாவது சாக்கெட்டின் எர்த்தும் சிக்னலும் கவ்வின. பவர் டெர்மினலில் செருகிச் சாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்ததும் பின் தானாக நழுவி மேசையில் விழுந்தது.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் காரணம் தெரிந்தது. டெர்மினலுக்குள் பின்னை அழுத்தும் நாக்கு போன்ற சின்ன ஸ்பிரிங் உண்டு. அது ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுத்திருந்தது. வாயின் ஓரம் வட்டமாக விரிந்து, உள்ளே புதிதாகக் கீறிய பளபளப்பு. தொடும் இடத்தில் கரும்பழுப்பாகப் பொடி. பிடி தளர்ந்த பின், இன்ஜின் அதிர்வில் நுண்ணிய அளவில் உரசிக்கொண்டே இருந்தால் தகர முலாம் பூசிய டெர்மினலில் இப்படித்தான் ஆக்சைடு சேரும். பிடுங்கி மாட்டினால் அந்தப் பொடி சுரண்டப்பட்டு உலோகம் உலோகத்தைத் தொடும், சில நாளில் மறுபடி மூடிக்கொள்ளும். சூட்டில் பிடி இன்னும் தளரும், ஏற்றத்தில் இன்ஜின் முறுக்கிக்கொள்ளும்போது வயரிங் இழுபடும். புகாரில் இருந்த ஒவ்வொன்றுக்கும் விடை கிடைத்தது.

வட்டமாக ஏன் விரிந்தது? காயிலின் பின் தட்டையானது. தட்டைப் பின் வட்டமான வாயை உண்டாக்காது.

"முன்னாடி பார்த்த இடத்துல மீட்டர் வச்சு செக் பண்ணாங்களா?"

"ஆமாண்ணே. முதல் தடவை போனப்பவே. சாக்கெட்டக் கழட்டி முன்னாடியே குத்திப் பார்த்தாங்க. கரண்ட் வருதுன்னு சொன்னாங்க."

மீட்டரின் சாதாரண முனை இரண்டு மில்லிமீட்டர் அளவு தடிமனான உருளை. அதை இந்த டெர்மினலுக்குள் அழுத்தினால் ஸ்பிரிங் போய்விடும். கோர்ட்டில் நிரூபிக்க முடியாது என்றாலும், கீறலும் அவர் சொன்ன நேரமும் பொருந்துகின்றன. தேய்ந்த பிளக்கைக் கண்டுபிடிக்கச் செய்த சோதனை அடுத்த பழுதை உண்டாக்கியிருக்கிறது. போமன் (மெக்கானிக்) தொழிலில் இது அபூர்வமே இல்லை. ஏர்பேக் சாக்கெட், ஏபிஎஸ் சென்சார் சாக்கெட் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம். முன்பக்கமாகத்தான் அளக்க வேண்டும் என்றால், பின்னுக்குச் சரியான அளவுள்ள முனை வைத்த டெஸ்ட் கம்பி விற்கிறார்கள், விலையும் பெரிதில்லை. அது இல்லையென்றால் பின்பக்கமாகப் போங்கள்.

செய்த வேலை

டெர்மினலைக் குறடால் நெருக்கிவிட்டு அனுப்புவது இங்கே எல்லோரும் செய்வது. பத்து நிமிட வேலை, சில மாதம் ஓடவும் செய்யும். ஒருமுறை மடங்கிய ஸ்பிரிங் பழைய பிடியைத் திரும்பப் பெறாது என்பதால் அதைச் செய்யவில்லை. அதே அளவுள்ள புது டெர்மினல், கம்பியோடு சேர்த்து வாங்கினோம். பவர் மட்டும் போதும் என்றாலும் மூன்றையும் மாற்றினேன். இணைப்புகளைக் கிரிம்ப் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள சுருங்கும் டியூப் போட்டு மூடியாயிற்று. கம்பிகளை முறுக்கி டேப் சுற்றுவது இன்ஜின் சூட்டில் ஒரு வருடம்கூடத் தாங்காது. இணைப்புகள் ஒரே இடத்தில் வராமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தால் கட்டு தடிக்காது. வயரிங்கைப் பிடிக்கும் கிளிப் ஒன்று உடைந்திருந்தது, அதையும் மாற்றியதில் சாக்கெட்டின் மேல் இருந்த இழுப்பு குறைந்தது.

மற்ற மூன்று சாக்கெட்டிலும் பின்னைச் செருகிப் பார்த்ததில், மூன்றாவதின் பவர் டெர்மினலில் பிடி கொஞ்சம் குறைவு. அதிலும் மீட்டர் முனை போயிருக்கிறது. மிஸ் அடிக்கும் அளவுக்கு வரவில்லை, ஆனாலும் வயரிங் திறந்திருக்கும்போதே மாற்றிவிட்டேன்.

புதிதாகப் போட்டிருந்த காயில்களைத் திரும்பக் கழற்றவில்லை. கரண்ட் சாய்வுகள் நான்கும் இப்போது ஒன்றுபோல இருந்தன, குறை சொல்ல ஒன்றுமில்லை. உடைத்தது போக மிச்சம் மூன்று பழைய காயில்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு ஸ்கோப்பில் பார்த்தேன், எல்லாமே நல்ல காயில்கள். அதைக் கேட்டதும் தம்பி முகம் போன போக்கை எழுத வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் கொஞ்சம் கவலை இருந்தது. இத்தனை நாள் எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்ட்டுக்குள் போயிருக்கிறது. அங்கே போய் எரிந்தால் உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகிவிடும். பின்பக்க ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட் ஆடாமல் நிலையாக இருந்தது, புகைக்குழாயில் எதிரழுத்தமும் அளவுக்குள் இருந்தது. தப்பிவிட்டது. மிஸ்ஸிங் மேட்டில் மட்டும் வந்ததும், வந்தவுடன் அவர் காலை எடுத்துவிட்டதும் காப்பாற்றியிருக்கலாம்.

அன்று மாலையே அதே ஏற்றத்தில், அதே நான்காவது கியரில், கிளாம்ப்பை மாட்டியபடியே ஓட்டினோம். சுரங்கம் வரை நான்கு சாய்வும் சமம். மோட் 06 நடப்பு எண்ணிக்கை நான்கு சிலிண்டரிலும் பூஜ்யம். பத்துப் பயணச் சராசரியில் மட்டும் இரண்டாவது சிலிண்டரின் பழைய கணக்கு மிச்சமிருந்தது. வேண்டுமென்றே அதை அழிக்காமல் அனுப்பினேன், தானாக இறங்குகிறதா என்று பார்க்க. எஞ்சின் எண்ணெய் மாற்ற வந்தபோது ஸ்கேனரை மாட்டிப் பார்த்தோம். அதுவும் பூஜ்யத்துக்கு வந்திருந்தது.